வரும் என்று சொன்ன கை

ஆபரேஷன் தியேட்டரின் கதவைத் திறந்துகொண்டு நாம் வெளியே வரும்போது, அங்கே நிற்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கை வருமா? இல்லாவிட்டால், பேச்சு வருமா? கட்டியில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதெல்லாம் நாம் கேன்டீனில் உட்கார்ந்து நமக்குள் பீற்றிக்கொள்கிற விஷயம்.

மூளை அறுவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது, மண்டையோட்டை எங்கே திறப்பது என்றெல்லாம் சொல்லித்தர அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைவிடக் கண் நன்றாகத் தெரிகிறவர்கள். நான் எழுத நினைத்தது கதவுக்கு வெளியே நிற்கும் அந்தக் கேள்வியைப் பற்றி. கையும் காலும் பேச்சும் குடியிருக்கும் இடத்தில் கட்டி வந்துவிட்டால், எடுத்த பிறகு ஆள் எப்படி இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றி. வேலையில் இருந்த காலம் முழுக்க என்னைத் தூங்கவிடாதது அதுதான். இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாலும், காலையில் போன் அடித்தால் எந்த வார்டு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உங்களுக்கு வசதிகள் அதிகம். ஸ்கேனில் நரம்புப் பாதைகளைக் கலர் கலராகப் போட்டுக் காட்டுகிறார்கள். நல்லது, பாருங்கள். கம்ப்யூட்டர் ஒரு சதவீதமும் கொடுக்கும். அந்தச் சதவீதத்தை, டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கும் ஓர் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கை நன்றாக இருக்கும் என்றால், "அப்போ அந்தப் பத்து பேர்ல என் பொண்ணு கீறாளா?" என்று கேட்பார். அதற்குக் கம்ப்யூட்டரிடமும் பதில் கிடையாது, நம்மிடமும் கிடையாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீஃப் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒரு சொல் வைத்திருந்தார். "பார்க்கலாம்." கட்டி எங்கே இருந்தாலும், யார் கேட்டாலும், அதைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவார். அவர் கை மாதிரி சுத்தமான கையை நான் அப்புறம் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்ற ஜனங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அதன் மேல் கோபம் வந்தது. நான் தலைமைக்கு வந்தால் மனதில் படுவதைச் சொல்லிவிடுவேன் என்று வைராக்கியமாக இருந்தேன். சொல்வது சுலபம், சொன்ன பிறகுதான் கஷ்டம் என்பது பவானி வந்த பிறகுதான் புரிந்தது.

பவானி வியாசர்பாடிப் பெண். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அம்மாவோடும் அண்ணனோடும் இருந்தாள். அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் கிளப் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற ஊரில் மழை பெய்தால் வீட்டுக்குள் விளையாடுகிற விளையாட்டு, இங்கே அதில் ஜெயித்து அரசாங்க வேலைக்குப் போகிறார்கள். பவானி மாநில அளவில் ஆடியவள். விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலைக்கு அவள் பெயர் போயிருந்தது, தேர்வுப் போட்டி பாக்கி இருந்தது. அதற்காகக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது வலது கை தானாக வெட்டி இழுத்திருக்கிறது. போர்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வலிப்பு என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஸ்கேனில் இடப்பக்க மூளையில், நடுக்கோட்டை ஒட்டி, மெதுவாக வளரும் கட்டி தெரிந்தது. அதன் பின்சுவர் வலது கையை ஆட்டுகிற இடத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. விட்டால் வளரும், ஒருநாள் குணம் மாறிப் புற்றாகும். எடுத்தால் கை.

அவளுடைய அண்ணன் டில்லிபாபு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவில்தான் அவன் பிழைப்பு. அவனை வராந்தாவில் நிறுத்தி விளக்கினேன். கையை அசைக்கிற இடம் ஒன்று, 'அசை' என்று ஆரம்பித்துவைக்கிற இடம் அதற்கு முன்னால் இன்னொன்று. கட்டி அந்த இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எடுத்த பிறகு வலது கை செத்த மாதிரி கிடக்கும், பேச்சும் நின்றுபோகலாம், ஆனால் மூளையின் மறுபக்கம் மெல்ல அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும், அப்போது எல்லாம் திரும்பி வரும் என்றேன்.

அவன் சாவியைத் திருப்புவது போலக் கையைக் காட்டினான். "அப்போ இஞ்சின் நல்லாகீது. செல்ஃப் எடுக்காது. தள்ளிவுட்டா ஓடும். கரீட்டா மேடம்?"

கரெக்ட்தான் என்றேன். இத்தனை வருஷம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா இத்த பவானிகிட்ட சொல்லாதீங்கோ. சின்ன ஆப்ரேசன், ஒண்ணியும் இல்லன்னு நான் சொல்லிக்கிறேன். தெரிஞ்சா பேஜாராய்டும்."

இது நம் ஊர் வழக்கம். தலையைத் திறந்துகொள்ளப் போகிறவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுவோம். அவருக்கு மட்டும் 'ஒண்ணுமில்லை'. உங்களிடமும் கெஞ்சுவார்கள், காலைக்கூடப் பிடிப்பார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள் என்பதால் மறுப்பது சங்கடமாக இருக்கும். மறுத்துவிடுங்கள். கண் விழிக்கும்போது கை அசையவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்க வாயும் வரவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? டில்லியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வார்டுக்குள் போய் பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் நகத்தோரம் காய்ப்புக் காய்த்திருந்தது.

"எத்தினி நாளு அப்டி கெடக்கும்?"

"சொல்ல முடியாதும்மா. நாள் கணக்கும் ஆகலாம், வாரக்கணக்கும் ஆகலாம்."

"ஆனா வரும்?"

"வரும்னு நினைக்கிறேன்."

"நெனக்கிறேன்னா இன்னா மேடம்? வருமா, வராதா?"

"கட்டி எடுக்கும்போது கைக்குப் போற சிக்னலை மிஷின்ல பார்த்துக்கிட்டே இருப்போம். அது கடைசி வரைக்கும் இருந்தா, வரும்."

"அப்போ சரி," என்றாள். அவ்வளவுதான். சாப்பாடு வந்ததும் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆபரேஷன் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, பின்சுவருக்கு வருகிற வரைக்கும். கட்டியின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. கை இருக்கும் பகுதியை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை மட்டும் பாக்கி. அதைத் தொட்டு நீக்க ஆரம்பித்தேன். சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண், "மேடம், கை குறையுது," என்றாள்.

என் கையை எடுத்துவிட்டேன். வெதுவெதுப்பான சலைனை விட்டுக் காத்திருந்தோம். மயக்க மருந்து டாக்டர் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினார். எல்லாரும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் வரல மேடம்." இன்னும் கொஞ்சம் சலைன் விட்டேன்.

கடைசியில், "வருது மேடம். பழைய அளவு இல்ல. ஆனா வந்துடுச்சு," என்றாள்.

என் உதவியாளர் கெட்டிக்காரர். "கொஞ்சம்தான் மேடம் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்," என்றார். எடுத்திருக்கலாம்தான். ஸ்கேன் படம் துடைத்த மாதிரி இருந்திருக்கும், கருத்தரங்கில் போட்டுக் காட்டியிருக்கலாம். வேண்டாம், மூடலாம் என்றேன். அந்தப் பட்டை மெதுவாக வளர்கிற ஜாதி, அதைக் கண்காணிக்க வருஷங்கள் இருக்கின்றன. கைக்கு அந்த அவகாசம் கிடையாது.

பவானி கண் விழித்தாள். வலது கை அசையவில்லை. கால் கனத்துக் கிடந்தது. பேச்சு இல்லை. "நீங்க சொன்னபடியேதான் மேடம்," என்று உதவியாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், இங்கே கவனமாகப் படியுங்கள். ஆரம்பித்துவைக்கிற இடம் போனால் கை அசையாது, அது திரும்பி வரும். அசைக்கிற இடமே அடிபட்டிருந்தாலும் கை அசையாது, அது பழையபடி திரும்பாது. கட்டிலில் கிடக்கும்போது இரண்டும் ஒரே கைதான். ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் சொன்னது. நகத்தை அழுத்தினால் கை லேசாக இழுத்துக்கொண்டது, அது நல்ல அறிகுறி. ஆனால் அந்த 'லேசாக' எனக்குப் போதவில்லை. 'பழைய அளவு இல்ல' என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே இருந்தது. என் கையை எடுக்க ஒரு நொடி தாமதித்துவிட்டேனா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்தேன்.

தினமும் காலையில் அவள் கட்டிலுக்கு முன்னால் நிற்பேன். "பவானி, கையைத் தூக்கு." அசையாது. "விரலை மடக்கு." அசையாது. அவள் கண் மட்டும் என் முகத்திலேயே இருக்கும். ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மறுபடியும் போவேன். பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தோம், சீப்பைக் கையில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நாட்கள் ஓடின, வாரம் திரும்பியது. ரவுண்ட்ஸில் என் பின்னால் வருகிறவர்கள் அந்தக் கட்டில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு டில்லி வந்து நின்றான். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, வாட்ச்மேனோடு சண்டை போட்டு உள்ளே வந்திருக்கிறான். சட்டை முழுக்க டீசல் வாடை.

"மேடம், ஒரே வார்த்த. வருமா, வராதா? எங்கம்மா ஆஸ்பத்திரி கேட்டாண்ட குந்திகினு அய்துனே கீது. நான் இன்னான்னு போய் சொல்றது?"

'பார்க்கலாம்' என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு நடந்தால் அவன் பேசாமல் ஒதுங்கிக்கொள்வான், எனக்கும் அந்தச் சாயங்காலம் நிம்மதி. என் சீஃப் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேன். அவரும் பயந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"வரும்னுதான் இன்னமும் நினைக்கிறேன்," என்றேன். "ஆனா எனக்கும் பயமா இருக்கு டில்லி."

"உங்களுக்கே பயமா கீதுன்னா நாங்கோ யாராண்ட போறது?" அவன் குரல் உடைந்துபோயிற்று. "செல்ஃப் எடுக்காது, தள்ளிவுட்டா ஓடும்னு சொன்னதுக்கு நீங்கதான மேடம் தலையாட்டினீங்கோ?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் இதுவரை தள்ளிவிடவே இல்லை. பந்தும் சீப்பும் ஆஸ்பத்திரிச் சாமான்கள். அவள் கை யோசிக்காமல் போகிற இடம் ஒன்றுதான் இருந்தது. "நாளைக்கு அவ போர்டை எடுத்துக்கிட்டு வா," என்றேன்.

மறுநாள் அவன் அந்தப் பெரிய கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தான். லிஃப்டில் ஏற்றமாட்டேன் என்றார்களாம். வார்டு சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது வார்டா கிளப்பா மேடம்? பவுடரெல்லாம் யார் துடைக்கிறது?" என்றார். நானே துடைக்கிறேன் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

பவானியைத் தலையணை வைத்து உட்கார வைத்து, போர்டை அவள் முன்னால் போட்டோம். வலது கையைத் தூக்கி ஓரச் சட்டத்தின் மேல் வைத்தேன். டில்லி பவுடர் தூவி, காய் அடுக்கி, ஸ்ட்ரைக்கரை அவள் விரலுக்கு முன்னால் வைத்தான்.

"அடி பவானி," என்றான்.

கை அசையவில்லை. "அடிம்மா," என்று நானும் சொன்னேன். அசையவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. ஏன் இந்தப் பெண்ணைப் போட்டு இப்படி வதைக்கிறோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எடுத்துவிடு என்று டில்லியிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

டில்லிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கை அழுவதைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டு, ஸ்ட்ரைக்கரை எடுத்துத் தானே ஓர் அடி அடித்தான். காய் விழவில்லை. கேரம் ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காய் விழாவிட்டால் ஸ்ட்ரைக்கரை எதிராளியின் பக்கம் விரலால் தள்ளிவிடுவார்கள். எதிராளி போர்டைப் பார்த்து அடுத்த அடியை யோசித்துக்கொண்டே அதைக் கையால் நிறுத்திக்கொள்வார். அண்ணனும் தங்கையும் சின்ன வயதிலிருந்து இதை எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பார்களோ! டில்லி தன்னை அறியாமல் தள்ளிவிட்டான். ஸ்ட்ரைக்கர் பவுடரில் வழுக்கிக்கொண்டு அவள் பக்கம் போயிற்று.

பவானியின் வலது கை நகர்ந்து அதன் மேல் விழுந்து நிறுத்தியது.

"அம்மாடி!" என்றார் சிஸ்டர். டில்லி என்னைப் பார்த்தான். பேசாதே என்று சைகை காட்டினேன். அவன் ஸ்ட்ரைக்கரை எடுத்து மறுபடியும் தள்ளினான். கை மறுபடியும் நிறுத்தியது. "பவானி, ஸ்ட்ரைக்கரைப் பிடி," என்று நான் சொன்னபோது அசையவில்லை. சொல்லாமல் தள்ளியபோது பிடித்தது. கையை அசைக்கும் இடம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பவுடரைச் சிஸ்டரே துடைத்தார்.

அதன் பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் தள்ளிவிட்டால் மட்டும், பிறகு சொன்னாலும், பிறகு அவளாக நினைத்தாலும். இரண்டு கையையும் மாற்றி மாற்றி வேகமாகச் செய்கிற வேலையில் இன்றும் தடுமாறுவாள், துணி பிழிவதற்கு அலுத்துக்கொள்வாள். கேரமுக்கு ஒரு கை போதும். அந்த முறை தேர்வுப் போட்டி கைவிட்டுப் போனது, அடுத்ததற்கு ஆடப் போனாள். நான் விட்டுவைத்த பட்டை ஸ்கேனில் அப்படியே இருக்கிறது. இப்போது அவளைப் பார்க்கும் டாக்டர்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவளுக்குப் பேச்சு வந்ததைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன், ஏனென்றால் இத்தனையும் எழுதியது அதற்காகத்தான்.

கை வந்து சில நாள் கழித்து, காலை ரவுண்ட்ஸ். என் பின்னால் பட்டாளமே நின்றுகொண்டிருந்தது. "கையைத் தூக்கு," என்றேன், தூக்கினாள். "உன் பேர் என்ன?" என்று தினமும் கேட்பது போலக் கேட்டேன். உதடு அசைந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, கரகரத்த குரலில் பேசினாள். பேரைச் சொல்லவில்லை.

"கை வரும்னு... நீங்கதான சொன்னீங்கோ. நான் அத்த நம்பிகினு... கம்முனு பட்த்துகினு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்கோ டெய்லி வந்து... எழவு வூட்டுக்கு வந்த மாரி மூஞ்சிய வச்சிகினு... நின்னீங்கோ. அத்த பாத்துதான் மேடம்... எனக்கு பயமே வந்துச்சு."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை 'வரும்' என்று சொன்னவள் நான். டில்லியிடம்கூட மறுபடி சொன்னேன். படுத்திருந்த அவளிடம் மட்டும், பேச்சு இல்லை என்கிற காரணத்தால், அத்தனை காலையிலும் கையைத் தூக்கு, விரலை மடக்கு, உன் பேர் என்ன என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. நான் வாய் திறந்து சொல்லாததை என் முகத்தில் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன். அவள் வலது கையால் போகட்டும் என்பது போலச் சைகை காட்டினாள்.

வார்டு வாசலில் கை கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும், இப்போதும் இருக்கும் என்று நினைக்கிறேன். அன்று வெளியே வரும்போது அதில் பார்த்தேன். பவானி சொன்னது சரிதான். நாளைக்கு நீங்கள் ரவுண்ட்ஸ் போகும்போது, உள்ளே நுழைவதற்கு முன்னால், அதில் ஒருதடவை பார்த்துவிட்டுப் போங்கள்.